எடுத்த இடத்தில் ஒரு அட்டை

— கட்டிலுக்கு அடியில இல்ல அத்தை. ரெண்டு தடவை குனிஞ்சு பார்த்துட்டேன்.

— அப்போ சோஃபா இடுக்குல பாரு. அந்த சோஃபா எதையும் விட்டு வைக்காது. என் கண்ணாடியையே ஒரு வாரம் விழுங்கி வச்சிருந்துச்சு.

— நான் சோஃபா பக்கமே போகல. வியாழக்கிழமை கடையிலிருந்து வந்ததும் பையை இந்த மேஜை மேல வச்சேன். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை, இப்பதான் பிரிக்கிறேன். ஹார்ட் டிஸ்க் இருக்கு. நாலு ஸ்க்ரூ இருக்கு. பில் கூட இருக்கு. கேபிள் மட்டும் இல்ல.

— என்ன கேபிள்?

— மூணாவது தடவை கேட்கிறீங்க. சிவப்பா, தட்டையா, ஒரு முழம் நீளத்துக்கு. ரெண்டு முனையிலயும் கறுப்பு மூக்கு வச்சிருக்கும்.

— இந்தா பாரு, கம்ப்யூட்டர் பெட்டியைத் தொறந்து போட்டிருக்கியே, அதுக்குள்ள குடல் மாதிரி அத்தனை வயர் தொங்குது. அதுல ஒண்ணைப் பிடுங்கி மாட்டிக்கக் கூடாதா?

— அது பழைய டிஸ்க்கோட கேபிள். அதைப் பிடுங்கினா கம்ப்யூட்டரே எழுந்திருக்காது. புதுசுக்குக் கரண்ட் குடுக்க உள்ளயே ஒரு வயர் சும்மா தொங்குது, அது போதும். ஆனா தகவல் போய் வர்ற வழி அந்த சிவப்பு கேபிள்தான். அது இல்லைன்னா புது டிஸ்க் உள்ள உக்காந்திருக்கும், உக்காந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது.

— நம்ம மாடி வீட்டுக்காரர் மாதிரின்னு சொல்லு.

— ஜோக் அடிச்சுத் தப்பிக்காதீங்க.

— நான் எதுக்குத் தப்பிக்கணும்? நீ தேடுற, நான் கூட உக்காந்திருக்கேன். முதல்ல அந்தப் பெட்டியில இருக்கிற தூசியைத் துடை. பார்க்கவே தும்மல் வருது.

— பிரஷ் வச்சுத் தட்டிட்டுதான் இருக்கேன். உங்க பையன் வாங்கின நாள்லேருந்து யாரும் தொறக்கல போலருக்கு.

— அவன் எங்க தொறக்க விட்டான்? பக்கத்துல போனாலே குதிப்பான். நீ ஒரு தடவை அதுல டைப் அடிச்சதுக்கு ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தான். இன்னிக்கு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கிட்டு அதோட வயித்தையே கிழிக்கிற.

— கிழிக்கல. பக்கத்துத் தகட்டைக் கழட்டியிருக்கேன். இந்த அடுக்கைப் பாருங்க, ரெண்டு இடம் காலியா இருக்கு. ஒண்ணுல இதைத் தள்ளி, நாலு ஸ்க்ரூ போட்டா முடிஞ்சுது. கேபிள் இருந்தா.

— எதுக்குன்னுதான் எனக்கு இன்னும் புரியல.

— எது எதுக்கு?

— இன்னொண்ணு எதுக்கு? இருக்கிறது போதாதா?

— நிறைஞ்சு போச்சு அத்தை. நேத்து ஒரு ஃபைலைச் சேமிக்கப் போனா இடமில்லைன்னு கையை விரிக்குது.

— நிறையற அளவுக்கு அப்படி என்ன வச்சிருக்க?

— என் வேலைதான். ஒரு புத்தகத்தைப் படிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்புவாங்க. கேட்கிறவங்களுக்கு அது இருபது மணி நேரம். எனக்கு வர்றப்ப நாப்பது மணி நேரம். படிக்கிறவங்க இருமறது, தண்ணி குடிக்கிறது, தப்பாப் படிச்சுட்டு மன்னிப்புக் கேட்கிறது, எல்லாம் சேர்த்து. நான் வெட்டி ஒட்டி அனுப்பினாலும் அவங்க சரின்னு சொல்ற வரைக்கும் மூலத்தை அழிக்கக் கூடாது. பதினோரு புத்தகம் அப்படி நிக்குது.

— அது பாதி. மீதி?

— மீதி உங்க பையனோடது.

— உன் புருஷனோடதுன்னு சொல்லு.

— கோர்ட்டுல கையெழுத்துப் போட்டுப் பதினாலு மாசம் ஆச்சு. எனக்குப் புருஷன் இல்ல. உங்களுக்குப் பையன் இருக்கான்.

— நானும் போடுறேன். எனக்கு அந்த மாதிரி ஒரு பேப்பர் இருந்தா வாங்கிட்டு வா.

— சிரிக்க வைக்காதீங்க, ஸ்க்ரூ உள்ள விழுந்துடும். அவன் டவுன்லோட் பண்ணின சினிமா, துப்பாக்கி விளையாட்டு, வேலை பார்த்த இடத்துல எடுத்த ஆயிரம் போட்டோ. ஒண்ணுல கூட நீங்களும் இல்ல, நானும் இல்ல. எல்லாம் அப்படியே கிடக்கு.

— அழிச்சிடேன்.

— என்ன சொன்னீங்க?

— அழிச்சிடுன்னு சொன்னேன். இடம் வந்துடும்ல. அப்புறம் இது எதுக்கு? கடையில திருப்பிக் குடுத்துடு.

— ஒரு நிமிஷம். அவன் போன முதல் வருஷம் நான் கேட்டேன். "அழிச்சிடட்டுமா அத்தை?"ன்னு இதே நாற்காலியில உக்காந்து கேட்டேன். அப்ப என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?

— ஆயிரம் சொல்லியிருப்பேன்.

— "இருக்கட்டும், ஒரு நாள் வந்து கேட்டான்னா?"ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு ரெண்டு நாள் என்கூடச் சரியாப் பேசல. நான் ஏதோ அவனையே அழிக்கட்டுமான்னு கேட்ட மாதிரி. இப்ப அழிச்சிடேங்கறீங்க, காய் நறுக்கச் சொல்ற மாதிரி.

— மனுஷி மாறக் கூடாதா?

— தாராளமா மாறலாம். கேபிள் காணாமப் போன அன்னிக்குப் பார்த்தா மாறணும்?

— நீ என்ன, என்னைச் சந்தேகப்படுறியா?

— நீங்கதான் என்னைச் சந்தேகப்படுறீங்க. வியாழக்கிழமைலேருந்து பார்க்கிறேன். நான் எழுந்தா எழுந்திருக்கீங்க, நான் உக்காந்தா உக்காருறீங்க. இந்தப் பையைச் சுத்திச் சுத்தி வர்றீங்க. என்னன்னு வாயைத் திறந்து கேட்டுடுங்க.

— கேட்டா கோவிச்சுக்குவ.

— கேட்காமலே கோவமாத்தான் இருக்கேன்.

— இந்தா பாரு. முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி ரெக்கார்டு ரூம்ல குப்பை கொட்டினவ நான். ஒரு நர்ஸ் வேலையை விடப் போறான்னா, பெரிய டாக்டருக்குத் தெரியறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியும். எப்படின்னு கேளு.

— எப்படி?

— காப்பி எடுக்க வருவா. "அக்கா, என் ட்ரெயினிங் சர்டிபிகேட் ஒரு காப்பி வேணும், சும்மா இருக்கட்டுமேன்னு கேட்டேன்"னு சொல்லுவா. போறப்ப கதவுகிட்ட நின்னு இன்னொரு தடவை "சும்மாதான்க்கா"ம்பா. ரெண்டு தடவை சும்மான்னு சொன்னா, மூணு மாசத்துல அந்த நாற்காலி காலி. ஒரு தடவை கூட நான் தப்பினதில்ல.

— நான் எங்க சும்மான்னு சொன்னேன்?

— வியாழக்கிழமை. "சும்மா ஒரு டிஸ்க் வாங்கிட்டு வரேன்"ன்ன. செருப்பை மாட்டிக்கிட்டே "சும்மாதான்"ன்னு மறுபடியும் சொன்ன.

— அட கடவுளே. அப்போ நான் எல்லாத்தையும் இதுல காப்பி எடுத்துக்கிட்டுக் கிளம்பப் போறேன். அதானே?

— நான் அப்படிச் சொல்லல. கேட்டேன், அவ்வளவுதான்.

— கேட்கவே இல்லையே!

— சரி, இப்பக் கேட்கிறேன். போறியா?

— எங்க போவேன்?

— அந்த ஒலிப்பதிவுக் கம்பெனிக்காரம்மா கூப்பிட்ட ஊருக்கு. தங்க இடம் குடுக்கிறாங்க, பத்துப் பேருக்கு மேலதிகாரியா உன்னை வைக்கிறாங்க. திங்கக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நாளைக்குத் திங்கக்கிழமை.

— இது... இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவே இல்லையே.

— பாத்திரம் தேய்க்கிறப்ப போனை ஜன்னல்ல வச்சு ஸ்பீக்கர்ல பேசுற. குழாயையும் திறந்து விட்டுக்கிற, அந்தச் சத்தத்துக்கு மேல அந்தம்மா கத்துறாங்க. செவிடு கூடக் கேட்டுடும்.

— ஒட்டுக் கேட்டிருக்கீங்க.

— ஒட்டல. உக்காந்த இடத்துலயே கேட்டுச்சு. நீயா வந்து சொல்லுவேன்னு பத்து நாளாக் காத்திருக்கேன். சொல்லல. டிஸ்க் வாங்கிட்டு வந்து நிக்கிற.

— சரி. நீங்க கேட்டாச்சு. இப்ப என் முறை. நாலு நாளா உங்களுக்கு யார் போன் பண்றது?

— எனக்கா? யாரு பண்ணுவா... இன்டர்நெட் கம்பெனிக்காரன். எங்ககிட்ட மாறுங்க, வேகமா வரும்கிறான்.

— இன்டர்நெட் கம்பெனிக்காரன்கிட்டப் பேச பால்கனிக் கதவைச் சாத்திக்கணுமா?

— அங்கதான் சிக்னல்.

— இதோ. மறுபடியும் இழுத்தீங்களே, அது.

— எதை இழுத்தேன்?

— மூச்சை. "எனக்கா"ன்னு கேட்டுட்டு, அடுத்த வார்த்தைக்கு முன்னாடி ஒரு சின்ன மூச்சு, மேல்மூச்சா. நாள் முழுக்க அடுத்தவங்க மூச்சைத்தான் வெட்டிக்கிட்டு இருக்கேன் அத்தை. கதை தெரிஞ்சு படிக்கிறவங்க மூச்சு ஒரு மாதிரி இருக்கும், அடுத்த வரி என்னன்னு தெரியாமப் படிக்கிறவங்க மூச்சு ஒரு மாதிரி இருக்கும். உங்களுது ரெண்டாவது.

— நல்ல கதையா இருக்கே. இந்த வீட்ல மூச்சு விடக் கூடாதா?

— விடுங்க. பொய் சொல்றப்ப மட்டும் விடாதீங்க. உடம்புக்கு ஏதாவதா? மறைக்காமச் சொல்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்தவங்க, உங்களுக்குத் தெரியாத ஆளா? ரிப்போர்ட் எதையாவது நேரா வாங்கி மறைச்சு வச்சிருக்கீங்களா?

— என் உடம்புக்கு என்ன? மாடிப்படியில நடுவுல நின்னு மூச்சு வாங்குறது நீ. நான் ஒரே மூச்சுல ஏறிடுவேன்.

— அப்போ யாரு?

— இன்டர்நெட் கம்பெனின்னு சொல்லியாச்சு.

— சரி, விடுங்க. கேபிளைப் பத்தி நான் கடைக்கே போன் பண்ணிக் கேட்கிறேன். வாங்கினப்பவே பையில போடலையோ என்னவோ.

— ஞாயித்துக்கிழமை கடை இருக்காது.

— பாதி நாள் இருக்கும்னு பில்லுலயே போட்டிருக்கு. இருங்க... ஹலோ, கம்ப்யூட்டர் கடைதானே?

— ஸ்பீக்கர்ல எதுக்குடி போடுற?

— கையில தூசி. ஹலோ?

— சொல்லுங்க மேடம், கடைதான். சொல்லுங்க மேடம்.

— வியாழக்கிழமை ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். கேபிள் தனியா வாங்கினேனே, அதைப் பையில போட மறந்துட்டீங்களா?

— மேடம்! என் கையால போட்டேன் மேடம். டிஸ்க் டப்பாவுக்குள்ளயே, ஸ்பாஞ்சுக்கு அடியில வளைச்சுச் சொருகி மூடிக் குடுத்தேன். நம்ம கடையில அந்தப் பேச்சே வராது மேடம்.

— இங்க இல்லையே.

— அது எப்படி மேடம் இல்லாமப் போகும்? நேத்துப் பெரியம்மா டப்பாவைத் தொறந்து காட்டினப்ப கூட இருந்துச்சே.

— எந்தப் பெரியம்மா?

— உங்க வீட்டுப் பெரியம்மாதான். நேத்து மதியம் டப்பாவோட வந்தாங்க மேடம். முக்கால் மணி நேரம்! நாலு கஸ்டமர் நிக்கிறாங்க, இவங்க ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துக்கிட்டு, இது என்ன, அது என்ன, எங்க மாட்டுவாங்க, எப்படி மாட்டுவாங்கன்னு ஒண்ணு விடல. இப்ப ஹார்ட் டிஸ்க்கைப் பத்தி என்னைவிட அவங்களுக்கு நல்லாத் தெரியும் மேடம். கடைக்கு வேலைக்கு வர்றாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க, நிஜமாச் சொல்றேன்.

— கேட்டுச் சொல்றேன். வச்சிடுறேன்.

— ஓகே மேடம், பெரியம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க மேடம்.

— விசாரிச்சாராம் அத்தை.

— கேட்டுச்சு. வாயாடி. அவன் கடை எப்படி உருப்படும்?

— நேத்து மதியம் பல் டாக்டர்கிட்டப் போறேன்னு சொன்னீங்க.

— பல் டாக்டரும் அதே தெருதான்.

— பல்லைக் காட்டப் போறவங்க ஹார்ட் டிஸ்க்கை எதுக்குத் தூக்கிட்டுப் போனீங்க? அதுக்கும் சொத்தையா?

— என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு தோணுச்சு. போனேன், கேட்டேன், வந்தேன். கேட்கிறது தப்பா?

— கேபிள் போறப்ப இருந்துச்சு. வந்தப்புறம் இல்ல. அந்த டப்பாவைக் குடுங்க இப்படி. ஸ்பாஞ்சுக்கு அடியில நான் பார்க்கவே இல்ல.

— அதுல என்ன இருக்கப் போகுது? காலி டப்பா. குப்பையில போடலாம்னு எடுத்து வச்சிருக்கேன்.

— மடியில வச்சு மூடிக்கிட்டு இருக்கீங்க. குப்பையை யாரும் மடியில வச்சுக்க மாட்டாங்க. குடுங்க.

— இந்தா. என்னவோ போ.

— ஸ்பாஞ்ச்... இதென்ன இது?

— எது?

— இந்த அட்டை. உங்க மாத்திரை டப்பாவை வெட்டின அட்டை. கேபிள் இருந்த இடத்துல அதே மாதிரி வளைச்சுச் சொருகியிருக்கு. பென்சில்ல என்னவோ எழுதி... "சிவப்பு வயர் ஒன்று." நேத்து தேதி. கீழ உங்க சின்னக் கையெழுத்து!

— சத்தம் போடாத. பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

— அத்தை, திருடுறவங்க கையெழுத்துப் போட்டு ரசீது வச்சுட்டா போவாங்க?

— திருட்டுன்னு சொல்லாத. பழக்கம்டி அது. ரெக்கார்டு ரூம்ல ஒரு ஃபைலை அடுக்குலேருந்து எடுத்தா, எடுத்த இடத்துல அட்டையைச் சொருகணும். என்ன ஃபைல், என்னிக்கு, யார் எடுத்ததுன்னு. முப்பத்தொரு வருஷம் அட்டை வைக்காம நான் ஒரு காகிதத்தைக் கூட உருவினதில்ல. இதை எடுத்தேன், கை தானாப் போய்ப் பென்சிலைத் தேடிடுச்சு.

— அப்புறமாவது அட்டையை எடுத்திருக்கலாமே? என்கிட்ட மாட்டியிருக்கவே மாட்டீங்க.

— எடுக்கப் போனேன். காலையில நீ குளிக்கிறப்ப டப்பாவைத் திறந்தேன். முடியல. அட்டை இல்லாத இடம்னா அந்த ஃபைல் தொலைஞ்சு போச்சுன்னு அர்த்தம். அட்டை இருந்தா யார்கிட்டயோ பத்திரமா இருக்குன்னு அர்த்தம். உன் சாமானைத் தொலைக்கிறதுக்கு எனக்கு மனசு வரல.

— ஒளிச்சு வைக்க மட்டும் மனசு வந்துச்சு.

— அது வந்துச்சு.

— இவ்வளவு நேரம் என்னைத் தேட விட்டுட்டு, சோஃபா இடுக்குல பாருன்னு வேற சொல்றீங்க.

— சோஃபாவைச் சொல்லியிருக்கக் கூடாது. அது பாவம்.

— எனக்கு அழறதா சிரிக்கிறதான்னு தெரியல. அத்தை, இங்க பாருங்க. என்னைப் பாருங்க. நான் போயிடுவேன்னு பயந்துட்டீங்க, அவ்வளவுதானே? என்கிட்ட நேராக் கேட்டிருந்தா நேராச் சொல்லியிருப்பேனே.

— என்ன சொல்லியிருப்ப?

— போகலைன்னு சொல்லியிருப்பேன். அந்தம்மாவுக்கு மெயில் எழுதி வச்சாச்சு. "அழைத்ததற்கு நன்றி, என்னால் வர இயலாது, வீட்டிலிருந்தே எவ்வளவு வேலை வேண்டுமானாலும் செய்து தருகிறேன்"ன்னு. நாளைக்குக் காலையில ஒரு பொத்தானை அமுக்கணும், அவ்வளவுதான். வீட்டிலிருந்து அவ்வளவு வேலை பார்க்கணும்னா இடம் வேணும்ல? அதுக்குத்தான் டிஸ்க்.

— இன்னும் அனுப்பலையே?

— அனுப்பல. ஏன்?

— கேட்டேன், அவ்வளவுதான். ஏன் வரலைன்னு எழுதின?

— இது என்ன கேள்வி? உங்களைத் தனியா விட்டுட்டு எப்படிப் போவேன்?

— என்னை ஏன் இழுக்கிற? எனக்குப் பென்ஷன் வருது, கை கால் நல்லா இருக்கு. நான் கேட்டேனா உன்னை?

— கேட்கணுமா என்ன? அவன் போனப்ப என் அம்மா வீட்ல எல்லாரும் கட்டிக்கிட்டவன் செய்ததுக்கு என்கிட்ட விளக்கம் கேட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் எதுவும் கேட்காம என் துணியெல்லாம் மடிச்சு, அவன் அலமாரியில பாதியைக் காலி பண்ணி அடுக்கினீங்க. அதுக்கப்புறம் நான் எங்க போவேன்?

— அலமாரி காலியா இருந்துச்சு, அடுக்கினேன். அதையெல்லாம் பெருசாச் சொல்லாத.

— சரி, விடுங்க. இன்னொண்ணு சொல்றேன், அதைக் கேட்டா உங்களுக்கே சிரிப்பு வரும். ரெக்கார்டு ரூம்ல கரெக்டாக் கண்டுபிடிச்சிருப்பீங்க, இதுல தப்பிட்டீங்க. கிளம்பிப் போறவ வாங்குற டிஸ்க் வேற. கைக்குள்ள அடங்குற மாதிரி இருக்கும், வெளியிலேருந்து சொருகி, வேணும்கிறதைக் காப்பி எடுத்துக்கிட்டு, கைப்பையில போட்டுக்கிட்டுப் போயிடலாம். இது அது இல்ல. இது பெட்டிக்குள்ள போய், நாலு ஸ்க்ரூ போட்டு, தகட்டையும் மூடிட்டா, அங்கயேதான் இருக்கும். இருக்கப் போறவதான் அத்தை இதை வாங்குவா.

— தெரியும்.

— என்ன தெரியும்?

— இது உள்ள மாட்டுறது, அது வெளிய சொருகுறது. கடைக்காரன் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினான். "பெரியம்மா, உங்க வீட்டு மேடம் வாங்கினது உள்ளயே நிரந்தரமா இருக்கிறது"ன்னான்.

— அப்புறமுமா கேபிளை எடுத்தீங்க?

— அதைக் கேட்டுட்டு வந்துதான் எடுத்தேன்.

— எனக்குப் புரியல.

— டப்பாவைத் தூக்கிக்கிட்டு கடைக்குப் போறப்ப நீ போகப் போறேன்னு நினைச்சுக்கிட்டுப் போனேன். மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, ஆனா நடை லேசா இருந்துச்சு. போறவ காப்பி எடுக்கிறா, நான் நினைச்சது சரிதானான்னு உறுதி பண்ணிக்கத்தான் போனேன். திரும்பி வர்றப்ப அப்படி இல்ல. வழியில பஸ் ஸ்டாப்புல உக்காந்துட்டு வந்தேன்.

— நான் இருக்கப் போறேன்னு தெரிஞ்சதுக்கா?

— ஆமா.

— நான் உங்களுக்குப் பாரமா இருக்கேனா? நேராச் சொல்லிடுங்க. நான் ஒண்ணும் உடைஞ்சு போயிட மாட்டேன்.

— உன் வாயைக் கழுவு. நீ இருக்கிறதுக்கு நான் எத்தனை தடவை மனசுக்குள்ள கும்பிட்டிருக்கேன் தெரியுமா? மத்தியானத்துல நீ அந்த ரூம்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு, யாரோ படிக்கிற கதைக்குத் தனியாச் சிரிப்ப. அவன் இருந்த வரைக்கும் இந்த வீட்ல உன் சிரிப்புச் சத்தத்தை நான் கேட்டதே இல்ல. அந்தச் சத்தம் போறது எனக்கும் கஷ்டம்தான்.

— அப்புறம் என்னதான் அத்தை?

— யார் போன் பண்றதுன்னு கேட்டல்ல?

— ம்.

— அவன்தான்.

— எதுக்காம்?

— அங்க ஒத்து வரலையாம். அன்னிக்கு யார்கூடப் போனானோ, அந்தப் பொண்ணு வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டாளாம். ரூம் எடுத்துத் தங்கியிருக்கானாம். அடுத்த வாரம் வரேங்கறான். "என் கம்ப்யூட்டர் இருக்கா?"ன்னு வேற கேட்டான்.

— வரக் கூடாதுன்னு சொல்லுங்க. இது உங்க வீடு.

— நாலு நாளும் சொன்னேன். போன்ல சொல்ல வருது.

— அப்போ என்ன பயம்? நாளைக்கே பூட்டை மாத்திடுவோம். வந்து வாசல்ல நிக்கட்டும். நான் இருக்கேன்ல? நான் பேசிக்கிறேன். சட்டப்படி அவனுக்கும் எனக்கும் ஒண்ணும் கிடையாது. நாம ரெண்டு பேரும் சேர்ந்து நின்னா அவன் என்ன பண்ணுவான்?

— நாம ரெண்டு பேரும்னு சொல்லாத.

— ஏன்? மூணு வருஷம் நீங்க என் பக்கம்தானே நின்னீங்க?

— அவன் தூரத்துல இருந்தான், நின்னேன். அதுல என்ன பெரிய வீரம்? அவன் இங்க இருந்தப்ப நான் எந்தப் பக்கம் நின்னேன்னு யோசிச்சுப் பாரு. நாலு வருஷம். அவன் உன்னைப் பேசினது, உன் தட்டைத் தள்ளினது, நீ பாத்ரூம் குழாயைத் திறந்து விட்டுக்கிட்டு அழுதது, எல்லாம் எனக்குத் தெரியும். இந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

— அது அப்போ.

— அப்போ இருந்த அதே மனுஷிதான்டி நான். வயசு மட்டும்தான் ஏறியிருக்கு. போன்ல அவன் "அம்மா"ன்னு சொன்னதும், இருமுறானே, சளி பிடிச்சிருக்கோன்னு முதல்ல தோணுச்சு எனக்கு. திட்டணும்னு அப்புறம்தான் தோணுச்சு.

— கேபிள் எங்க அத்தை?

— என் கைப்பையில இருக்கு. எடுத்துக்கோ. ஆனா அதை மாட்டாத. அந்த மெயிலை அழிச்சுட்டு, "வரேன்"னு எழுது. அந்த சின்ன டிஸ்க்கை நானே வாங்கித் தரேன்.

— நான் உங்களை நம்புறேன் அத்தை. அவன் வந்து நின்னா நீங்க என்னை விட்டுக் குடுக்க மாட்டீங்க.

— அந்த நம்பிக்கையிலதான் நீ இருக்கப் போறேன்னா, இன்னிக்கே கிளம்பு. அவன் வந்து பெல் அடிச்சா, நான் கதவைத் திறந்துடுவேன்.